பழைய கட்டடத்தின் அசைவைக் கம்பியில்லா சென்சார்களால் கண்காணிப்பது எப்படி?

எந்தக் கட்டடமும் அசையாமல் நிற்பதில்லை. மொட்டை மாடி ஸ்லாபும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள விரிசல் பிற்பகலில் ஒரு அளவு காட்டும், விடிகாலையில் வேறு அளவு காட்டும். களிமண் நிலத்தில் நிற்கும் வீடு ஐப்பசி மழையில் சற்றே மேலெழுந்து சித்திரை வெயிலில் இறங்கும். இந்த அசைவுகள் போய்விட்டுத் திரும்பி வருபவை. நாம் தேடவேண்டியது திரும்பி வராத அசைவு. சென்சார் வாங்குவது, பொருத்துவது, எச்சரிக்கை அளவு வைப்பது எல்லாமே இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

சென்னையில் அடிக்கடி வரும் ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. கான்கிரீட் தூணும் பீமும் கொண்டது, வயது முப்பதைத் தாண்டியது. உயரம் 13 மீட்டர், அகலம் 12, நீளம் 18. பக்கத்து மனையில் நிலத்தடித் தளத்துடன் புதுக்கட்டடம் வரப்போகிறது, இரண்டு மாதத்தில் பள்ளம் தோண்டத் தொடங்குவார்கள். மாடிப்படிச் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறது. பள்ளம் நம் கட்டடத்தை எப்படிப் பாதிக்கிறது என்று குடியிருப்போர் சங்கம் தெரிந்துகொள்ள விரும்புகிறது.

முதல் வேலை சென்சார் அல்ல

ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் கட்டடத்தை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்து, அகலத்தை அளந்து, இரண்டு முனைகளிலும் தேதியுடன் பென்சில் கோடு போடவேண்டும். எந்த விரிசல் எதைச் சொல்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். செங்கல் சுவரில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகப் படிபோல் ஏறும் விரிசல் அடித்தளம் சமமில்லாமல் இறங்குவதைக் குறிக்கும். தூணின் விளிம்போரம் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல், பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புவதால் வருவது. பீமின் அடிப்பகுதியும் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழையாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டு பொருள்களும் வேறுவேறு விதமாகச் சுருங்குவதால்.

துருப்பிடித்தலைச் சாய்வு சென்சாரோ அதிர்வு சென்சாரோ காட்டிக்கொடுக்காது. தூணில் பாதிக் கம்பி தின்னப்பட்ட பிறகும் அளவுகள் அமைதியாகவே இருக்கலாம். கடலோர நகரங்களில் பழைய கான்கிரீட்டைக் கொல்வது பெரும்பாலும் துருதான் என்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. செப்பு–செப்பு சல்பேட் மின்முனையை வைத்து கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். தூணில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தாலோ, தூண் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தாலோ சென்சார் பேச்சையே எடுக்கக்கூடாது. அன்றே முட்டுக் கொடுக்கவேண்டும்.

எத்தனை, எங்கே

மேலே சொன்ன குடியிருப்புக்கு இந்தப் பட்டியல் போதும்:

இரண்டு அச்சிலும் அளக்கும் சாய்வு சென்சார் 6. நான்கு மூலைத் தூண்களில் தரைத்தளத்தில் நான்கு, பள்ளத்தை ஒட்டிய பக்கத்தில் மேல் மாடியில் இரண்டு.
விரிசல் திறப்பதையும் மூடுவதையும் அளக்கும் விரிசல்மானி 4. நகரக்கூடிய மூன்று விரிசல்களுக்கு மூன்று. நான்காவதை விரிசலே இல்லாத சுவரில் பொருத்தவேண்டும். அதன் காரணம் பின்னால் வருகிறது.
வெப்பநிலை, ஈரப்பத சென்சார் 2. ஒன்று நிழலான வெளிப்புறத்தில், ஒன்று உள்ளே.
மழைமானி 1, சென்சார்களின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே 1, அதற்கொரு சிறிய யு.பி.எஸ்.

சாய்வு சென்சாரின் தரத்தில் சமரசம் வேண்டாம். 0.01 டிகிரி என்பது மீட்டருக்கு 0.17 மி.மீ. பக்கத்துப் பள்ளத்தால் வரும் தொடக்க அசைவு இதைவிடச் சிறிதாக இருக்கலாம், ஆகவே 0.001 டிகிரியைப் பிரித்துக்காட்டும் சென்சார் தேவை. விவரத்தாளில் இந்தப் பகுதிறன் (பிரித்துக்காட்டும் மிகச்சிறிய அளவு) எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல், ஒரு டிகிரி வெப்பம் மாறினால் அளவு எவ்வளவு நகரும் என்ற எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணே போடாத சென்சாரை ஒதுக்கிவிடலாம். விரிசல்மானிக்கு 12.5 அல்லது 25 மி.மீ. வீச்சும், 0.01 மி.மீ. பகுதிறனும் போதும்.

ஒன்றை மறக்கவேண்டாம். கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சாய்வு சென்சாருக்கு எதுவும் தெரியாது. அதற்காகத் தூண்களின் அடியில் எட்டு இடங்களில் நிலையான அளவுப்புள்ளிகள் பதித்து, மாதம் ஒருமுறை சர்வேயரைக் கொண்டு டிஜிட்டல் லெவல் என்ற உயரம் அளக்கும் கருவியால் அளக்கவேண்டும். ஒப்பிடும் புள்ளி பள்ளத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கவேண்டும். பக்கத்துச் சுவரில் வைத்தால் அதுவும் சேர்ந்து இறங்கி ஏமாற்றும்.

ரேடியோ

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் லோரா (குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைத் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ முறை) வகைக் கருவிகள் இதற்குப் பொருத்தம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் ஐரோப்பாவின் 868-க்கோ அமெரிக்காவின் 915-க்கோ அமைக்கப்பட்டு வருகின்றன, வாங்குமுன் இந்திய அமைப்பு உண்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கான்கிரீட் ஸ்லாப் ஒன்றிரண்டைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும், மின்கலத்தையும் வேகமாகத் தின்னும்.

பொருத்துவதற்கு முன்னால் ஒரு சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் நடந்து சிக்னலைப் பாருங்கள். இதை ஞாயிறு மாலையில் செய்வது நல்லது, அப்போதுதான் கார்களும் பைக்குகளும் தரைத்தளத்தை நிறைத்திருக்கும். கேட்வேக்கு மாடிப்படிக் கூண்டு நல்ல இடம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ லிஃப்ட் அறை இரும்புக் கதவுக்குப் பின்னாலோ வைத்தால் சிக்னல் அடைபடும். ஒரு சென்சார் தொலைவு போதாமல் மெதுவான வேகத்துக்கு இறங்கினால், அதே செய்தியை அனுப்ப இருபது மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். அந்த அளவுக்கு மின்கலமும் சீக்கிரம் தீரும். ஒன்றிரண்டு சென்சார் மட்டும் சீக்கிரம் செத்துப்போவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்தால் போதும். சராசரியாக 50 மைக்ரோஆம்பியர் எடுக்கும் சென்சாருக்கு 2.4 ஆம்பியர்-மணி லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்று கணக்குப்படி ஐந்தரை ஆண்டு வரும். நடைமுறையில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி வெயிலில் கைபேசி வகை லித்தியம் பாலிமர் செல்லை வைக்காதீர்கள், உப்பிவிடும். தயோனில் செல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், சென்சார் மறுபடி முதலிலிருந்து இயங்கத் தொடங்கும். செல்லுக்கு இணையாகப் பெரிய கெபாசிட்டர் உள்ள வடிவமைப்பாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

பொருத்துதல்

வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருகின்றன. சென்சாரைப் பூச்சின் மேல் பொருத்தினால் பூச்சின் அசைவைத்தான் அளப்பீர்கள்.

1. தட்டிப்பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் பூச்சு விட்டிருக்கிறது. எப்படியிருந்தாலும் 15 செ.மீ. சதுரத்துக்குப் பூச்சை வெட்டி எடுத்து, கான்கிரீட்டோ செங்கலோ தெரியும்வரை போங்கள்.
2. கம்பி இருக்குமிடத்தை ரீபார் லொக்கேட்டர் கருவியால் பார்த்துக் குறித்துவிட்டுத் துளையிடுங்கள். தூணின் கம்பியில் டிரில் பிட் படக்கூடாது.
3. 6 மி.மீ. ஆங்கர், 40 மி.மீ. ஆழம். துளையிலிருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டு எபாக்சி இட்டு இறுக்குங்கள். இருபக்க டேப், சிலிகான், பெவிகால் வகைகள் வேண்டாம். வெயிலில் இளகி மெல்ல வழுகும். அந்த வழுகல் திரையில் பார்க்கக் கட்டடம் சாய்வதைப் போலவே இருக்கும்.
4. விரிசல்மானியை விரிசலுக்குச் செங்குத்தாக வையுங்கள். தண்டு நடுவீச்சில் இருக்கவேண்டும், அப்போதுதான் திறப்பு, மூடல் இரண்டையும் அளக்கும்.
5. சாய்வு சென்சாரின் ஒரு அச்சு பள்ளத்தை நோக்கி இருக்கட்டும். எல்லா சென்சாரிலும் ஒரே திசையைக் கூட்டல் என்று வைத்து, பெட்டியின் மேல் அம்புக்குறி வரைந்து, படமெடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ‘கூட்டல் என்றால் எந்தப் பக்கம்’ என்று யாருக்கும் நினைவிருக்காது.
6. தூசும் நீரும் புகாத ஐ.பி. 67 தரப் பெட்டி வேண்டும். முழுக்க மூடிய பெட்டிக்குள் மழைக்கால இரவில் நீர் வியர்க்கும் என்பதால், காற்று போகும் நீர் புகாத மூச்சுத்துளை அடைப்பான் இருப்பது நல்லது. சாதாரண ஓட்டை விட்டால் எறும்பு கூடு கட்டும்.
7. எபாக்சி இறுக 24 மணி நேரம், அதன்பின் அடங்க இன்னும் இரண்டு நாள். நான்காம் நாள் விடிகாலை அளவைத்தான் தொடக்க அளவாகக் கொள்ளவேண்டும்.

தரைத்தளத் தூணில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் வையுங்கள். பைக் இடிப்பதும் குழந்தைகள் தொங்குவதும் அதோடு நின்றுபோகும். பெயின்ட் அடிக்க வருபவர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை முடிந்ததும் மாட்டிவிடுவார், அன்றிலிருந்து எல்லாம் குழம்பும். ‘கழற்றாதீர்கள், தொடாதீர்கள்’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு வருபவர்களிடம் சங்கச் செயலாளர் நேரிலும் சொல்லவேண்டும்.

கட்டடத்தின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுதல்

தோண்டல் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் சென்சார்கள் ஓடவேண்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பள்ளம் தோண்டிய பிறகு பொருத்திய சென்சார், பள்ளத்தால் என்ன ஆனது என்று சொல்லவே முடியாது.

கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.01 மி.மீ. விரியும். 18 மீட்டர் மொட்டை மாடி ஸ்லாபின் சராசரி வெப்பம் பகலில் 10 டிகிரி ஏறினால், தடையின்றி விரிந்தால் 1.8 மி.மீ. கீழேயுள்ள சுவர் அதைத் தடுக்கப் பார்க்கிறது, மேல் மாடிச் சுவர்களில் விரிசல் வருவதும் அதனால்தான். விரிசல்மானியின் எஃகுத் தண்டும் விரிகிறது. 15 செ.மீ. ஸ்டெயின்லெஸ் தண்டு 15 டிகிரிக்கு ஏறக்குறைய 0.04 மி.மீ. நீளும். விரிசல் இல்லாத சுவரில் வைத்த நான்காவது மானி காட்டுவது இந்தப் பொய்யான அசைவைத்தான். அதை மற்ற மூன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

அதிகம் உதவும் எளிய வழி: விடிகாலை நான்கு முதல் ஆறு மணிவரை வரும் அளவுகளின் நடுவெண்ணை மட்டும் எடுத்து நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்த நேரத்தில் கட்டடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். ஒரு தூணில் வெயில் இன்னொன்றில் நிழல் என்ற குழப்பம் இல்லை. பகல் அளவுகளை வெப்பத்தோடு ஒப்பிட விரும்பினால், ஸ்லாப் சூடாவது வெளிக்காற்றுக்குச் சில மணி நேரம் பிந்தும் என்பதைக் கணக்கில் சேருங்கள். எக்செல்லே போதும், இதற்கு மென்பொருள் சந்தா எதுவும் வாங்கத் தேவையில்லை.

மழையையும் பாருங்கள். களிமண் பகுதிகளில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் பார்க்காமல் ‘வழக்கமான வீச்சு இது’ என்று முடிவுக்கு வராதீர்கள். மொட்டை மாடித் தொட்டியும் கணக்கில் வரவேண்டும். 10,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 10 டன். அதன் அடித்தூணில் உள்ள மேல்மாடி சென்சார் தினமும் மோட்டார் போடும் நேரத்தில் ஒரு சிறு படி ஏறும்.

எச்சரிக்கை அளவுகள்

1956-ல் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களைப் பார்த்து, அடுத்தடுத்த தூண்களுக்கிடையே அடித்தள இறக்க வித்தியாசம் அவற்றின் இடைவெளியில் 1/300-ஐ எட்டினால் சுவர்களில் விரிசல் விழும், 1/150-ஐ எட்டினால் கட்டமைப்பே பழுதாகும் என்றார்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய கட்டடத்தை அந்த எல்லைவரை போகவிடக்கூடாது. சாய்வுக்கு இப்படித் தொடங்கலாம், இறுதி எண்ணை உங்கள் பொறியாளர் தீர்மானிக்கட்டும்:

தொடக்க அளவிலிருந்து 1/2000, அதாவது 0.03 டிகிரி: பொறியாளர் வந்து பார்க்கவேண்டும்.
1/1000, 0.057 டிகிரி: தோண்டலை நிறுத்தச் சொல்லி, தடுப்புச் சுவரைச் சோதிக்கவேண்டும்.
1/500, 0.115 டிகிரி: குடும்பங்களை வெளியேற்றுவது பற்றி அன்றே முடிவெடுக்கவேண்டும்.

இந்த எண்களைவிட வேகம் முக்கியம். நான்கு மாதத்தில் 0.03 டிகிரி வேறு, நான்கு நாளில் 0.03 டிகிரி வேறு. அடுத்தடுத்த மூன்று விடிகாலைப் புள்ளிகள் ஒரே திசையில், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய படியாகப் போனால், எல்லை எட்டாவிட்டாலும் ஆளை அழையுங்கள். விரிசலுக்கு, வழக்கமான தினசரி வீச்சைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டித் திரும்பாமல் நின்றால் முதல் எச்சரிக்கை.

நான்கு மூலையும் ஒரே திசையில் ஒரே அளவு சாய்ந்தால் கட்டடம் ஒரே துண்டாகச் சரிகிறது. பள்ளத்தோரத் தூண்கள் மட்டும் சாய்ந்து மறுபக்கம் அசையாமல் இருந்தால் கட்டடம் நடுவில் இழுபடுகிறது. அளவு சிறிதாக இருந்தாலும் இரண்டாவதே பீம்களையும் சுவர்களையும் உடைப்பது. ஒரு சென்சார் மட்டும் திடீரென்று எகிறினால் முதலில் அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் யாரோ தொட்டிருப்பார்கள்.

அளவு அனுப்பாமல் நின்றுவிட்ட சென்சாருக்கும் எச்சரிக்கை வையுங்கள். மூன்று மணி நேரம் செய்தி வராவிட்டால் குறுஞ்செய்தி வரட்டும். மின்வெட்டில் கேட்வே படுத்துவிட்டால் திரையில் கடைசி அளவு பச்சையாகவே நிற்கும், எல்லாம் நலம் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

அதிர்வு அளக்கவேண்டுமா?

பக்கத்தில் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) இறக்கும் இயந்திரம் வந்தால் தரைமட்டத்தில் ஒரு ஜியோபோன் (நில அதிர்வை உணரும் கருவி) வைத்து அதிர்வின் வேகத்தை அளப்பது பயனுள்ளது. ஜெர்மனியின் டி.ஐ.என். 4150 தரநிலை, வீடுகளின் அடித்தளத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுக்கு நொடிக்கு 5 மி.மீ. என்றும், நுட்பமான பழங்கட்டடங்களுக்கு 3 மி.மீ. என்றும் வழிகாட்டுகிறது.

கட்டடத்தின் இயல்பான அலைவெண்ணை (அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை) அளந்து அதன் மாற்றத்தைக் கொண்டு பழுதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. நான்கு தளக் குடியிருப்புக்கு அது முதல் தேர்வு அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்திய நிலநடுக்கத் தரநிலையான ஐ.எஸ். 1893 சூத்திரப்படி, உயரத்தை 0.09-ஆல் பெருக்கி அகலத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலைவு நேரம் 0.34 நொடி, அதாவது ஏறக்குறைய 3 ஹெர்ட்ஸ். நீளவாக்கில் 3.6. நிஜத்தில் சுவர்களின் விறைப்பால் இன்னும் சற்று மேலே இருக்கும். காற்றிலும் தெருப் போக்குவரத்திலும் இத்தகைய தாழ்ந்த கட்டடம் அசைவது மிகமிக நுண்ணிய அளவு. ஏ.டி.எக்ஸ்.எல். 355 போன்ற நல்ல முடுக்கமானிச் சில்லின் சொந்த இரைச்சலே 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏறக்குறைய 70 மைக்ரோ-ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் 70 பங்கு) வரும். மொட்டை மாடியில், காற்றுள்ள நாளில், இருபது நிமிடம் பதிவுசெய்து அதை அலைவெண் வாரியாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் முதல் உச்சம், அதாவது கட்டடத்தின் அலைவெண், தெரியலாம். பொழுதுபோக்குக் கருவிகளில் வரும் மலிவான சில்லில் அது தெரியாது.

அளப்பதென்றால் நொடிக்கு 100 முறையாவது அளங்கள். தண்ணீர் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று, அதாவது 48 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 முறை அளந்தால் அந்த 48 ஹெர்ட்ஸ் மாறுவேடத்தில் 2 ஹெர்ட்ஸாகத் தெரியும், கட்டடத்தின் அலைவெண் குறைந்துவிட்டது என்று பயந்துபோவீர்கள். அளக்கும் முன் உயர் அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டரும் வேண்டும். மூன்று அச்சுக்கும் இருபது நிமிடப் பதிவு ஒரு மெகாபைட்டைத் தாண்டும். லோராவில் அது போகாது. சென்சாரிலேயே கணக்கிட்டு உச்சத்தை மட்டும் அனுப்பவேண்டும், அல்லது வைஃபை வேண்டும்.

கிடைத்த அலைவெண்ணையும் நிதானமாகப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழகத்தின், முன்பு மில்லிகன் நூலகம் எனப்பட்ட ஒன்பது மாடிக் கட்டடத்தின் கிழக்கு–மேற்கு அலைவெண், கட்டிய காலத்திலிருந்து நில அதிர்வுகளுக்குப் பின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்தது. கனமழையிலும் அது மாறுவதை அளந்திருக்கிறார்கள். கட்டடம் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

மணி அடித்தால்

யார் யாரை எந்த வரிசையில் அழைப்பது என்று ஒரே தாளில் எழுதி, காவலாளி அறையிலும் செயலாளர் வீட்டிலும் ஒட்டுங்கள். பொறியாளர், தோண்டும் ஒப்பந்ததாரரின் தளப் பொறுப்பாளர், மாநகராட்சி மண்டல அலுவலகம், தீயணைப்பு. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கக்கூடிய எண்தானா என்று ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

சென்சார் அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணால் பார்ப்பதை ஒதுக்காதீர்கள். 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்தபோது உயிர்ச்சேதம் இல்லாமல் போனது, குடியிருந்தவர்கள் விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால். கதவு திடீரென்று நிலையில் இடிப்பது, ஜன்னல் கண்ணாடி தானாகக் கீறுவது, புதுப் பூச்சு உதிர்வது, சுவருக்குள் படபடவென்று சத்தம் கேட்பது, இவற்றில் எதுவாயினும் திரையைப் பார்க்காமல் ஆட்களை இறக்குங்கள்.

பள்ளம் மூடி, பக்கத்துக் கட்டடம் தரைமட்டத்துக்கு வந்ததும் சென்சார்களைக் கழற்றிவிடாதீர்கள். களிமண்ணில் இறக்கம் மெதுவாக, மாதக்கணக்கில் தொடரும். இன்னும் ஒரு மழைக்காலம், ஒரு கோடை ஓடட்டும். விடிகாலைப் புள்ளிகள் சென்ற ஆண்டு இதே மாதத்தில் இருந்த இடத்துக்கு வந்து நின்றால், விரிசலுக்குச் சுண்ணம் பூசச் சொல்லலாம்.